பலகை சொன்னது

ஜாம்புவானோடைத் துறையில் காலை ஏழுக்குத்
தலை எண்ணுவேன். அது விதி.
எண்ணிய தலையை எண்ணியபடி
நாலு மணிக்குள் கரையில் திருப்பித் தர வேண்டும்.
வனத்துறைத் தொப்பி, தினக்கூலி,
கையில் ஒரு சவுக்குக் கழி,
ஆறு வருடத்தில் மனப்பாடமான முப்பது வாக்கியம்.

"இது கடைமடைக்கும் கடை.
கோரையாறு, பாமணியாறு, கிளைதாங்கியாறு
எல்லாம் பெயரைக் கழற்றிப் போடும் இடம்."
இந்த வரிக்குச் சிலர் கைதட்டுவார்கள்.
அப்புறம் போனை எடுப்பார்கள்.

அந்தத் தை மாதத்துச் செவ்வாயில்
மன்னார்குடிப் பக்கத்துப் பள்ளியிலிருந்து
பதின்மூன்று பிள்ளைகள்.
ஒருவருக்கும் காது கேட்காது.
கேட்கிற ஜெசிந்தா டீச்சர் கூட வந்து
என் வாக்கியங்களை விரலால் மாற்றித் தருவதாக ஏற்பாடு.

காயல் தாண்டவில்லை, டீச்சருக்குத் தலைசுற்றி வாந்தி.
நைனா முகம்மது படகைத் திட்டில் ஒட்டினார்.
"இவங்கள நான் பார்த்துக்கறேன், நீ நடத்து."
படகு விளிம்பில் சாய்ந்தபடியே டீச்சர்
எனக்கு மூன்று சைகை சொல்லிக்கொடுத்தார்:
நில். வா. ஆழம்.

மூன்றே சொல்லோடு
காட்டுக்குள் இறங்கினேன்.

அங்கே பாதை என்று ஒன்று கிடையாது.
நேற்றைய தடத்தை ராத்திரி வெள்ளம் தின்றிருக்கும்.
கழியை ஊன்றிப் பார்ப்பேன்:
கணுக்கால், முழங்கால், வேண்டாம்.
பின்னால் வருபவர் என் குதிகாலைப் பார்த்து வர வேண்டும்.
எல்லோரிடமும் சொல்வேன். யாரும் பார்த்ததில்லை.
இவர்கள் பார்த்தார்கள்.
என் பித்தவெடிப்பை இத்தனை கண்கள்
ஒருசேரக் கவனித்தது அன்றுதான்,
கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

தில்லை மரத்தருகே 'நில்' காட்டினேன்.
பால் பட்டால் கண் போகும்,
அதை எப்படிச் சொல்வது?
கிளையைத் தொடுவதுபோல் போய்க் கண்ணைப் பொத்தி
கூத்துக்காரி மாதிரித் தடுமாறினேன்.
சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல்
துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

அலையாத்தியின் மூச்சுவேர்களுக்கென்று
என்னிடம் நாலு வாக்கியம் உண்டு.
யுகேந்தர் என்கிற பையன்
குந்தி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.
இடது கையைச் சேறாகக் கவிழ்த்து
விரலிடுக்கு வழியே வலதுகை விரல்களை நிமிர்த்தி
நுனியை மூக்கருகே கொண்டுபோய் இழுத்து மூச்சுவிட்டான்.
மற்றவர்கள் அதை வாங்கிக்கொண்டார்கள்.
பன்னிரண்டு ஜோடிக் கையில் வேர் முளைத்தது.
என் நாலு வாக்கியமும் பைக்குள்
தண்ணீர் பாட்டிலோடு சூடாகிக் கிடந்தன.

பூநாரைகள் வழக்கத்தைவிடக் கிட்டத்தில் மேய்ந்தன.
பேச்சில்லாததால் என்று சொல்ல ஆசைதான்.
வெறும் வற்றமாகவும் இருக்கலாம்.

மறுகோடியில், தண்ணீருக்குள் கால் ஊன்றிய
மரப்பலகை மேடை. எலுமிச்சைச் சாதம்.
பாதி சாப்பாட்டில் யுகேந்தர்
கன்னத்தைப் பலகையில் வைத்துப் படுத்துவிட்டான்.
மயக்கமோ என்று பதறி ஓடினேன்.
அவன் என் மணிக்கட்டைப் பிடித்து
உள்ளங்கையைப் பலகையில் அழுத்தி
'வா' என்று காட்டினான்.
யார், எங்கே?
எனக்குக் கேட்டது நீர்க்காகம்,
காற்று, டிபன் டப்பாவில் கரண்டி.
அவனோ மற்றவர்களைத் தட்டித் தட்டி எழுப்பினான்.
டப்பாக்கள் மூடின. செருப்புகள் ஏறின.
அதற்கப்புறம்தான், வெகு நேரம் கழித்துத்தான்
என் காதுக்கு வந்தது எஞ்சின் சத்தம்.

இரண்டு மணி நேரம் முந்தி வந்த படகு.
"காத்து திரும்புது, சீக்கிரம் ஏத்து" என்று
கத்த வாயெடுத்த நைனா முகம்மது
வரிசையாக நின்றவர்களைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டார்.
அவர் காலடியில் ஜெசிந்தா டீச்சர்
முந்தானைக்குள் நல்ல தூக்கம்.

மறுநாள் சென்னை வங்கிக்காரர்கள் பதினெட்டுப் பேர்.
முப்பது வாக்கியமும் சொன்னேன்.
கைதட்டினார்கள்.
மேடையில் அவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது
செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்து
உள்ளங்கையைப் பலகையில் வைத்தேன்.
ஒன்றும் இல்லை.

அதற்கப்புறம் ஒவ்வொரு நடையிலும் வைத்துப் பார்க்கிறேன்.
இன்றுவரை எனக்கு அது பலகைதான்.